கையுறை எடுக்கப் போனவன்

நியூயார்க்
22 செப்டம்பர் 1985

அன்புள்ள அம்மாவுக்கு,

மார்லீன் எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். நீ பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. இங்கே இன்னும் வெயில்தான். ஆனாலும் அறைக்குள் ஒரு நாள் போட்டு நடந்து பார்த்தேன்.

இந்தச் செய்தியைச் சொல்லத்தான் நேற்று போனில் கூப்பிட்டேன். "நல்லா இருக்கியா? சரி, வை. எழுது" என்று வைத்துவிட்டாய். அதனால் உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்து வீட்டு டோலோரஸ் அத்தை அங்கே இருந்தால் அவளையும் உட்காரச் சொல். எனக்கு வேலை மாறிவிட்டது. காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு அடித்தது போதும் என்று விட்டுவிட்டேன். போன திங்கட்கிழமை முதல் 'அருகே ஒரு கரை'யில் வேலை பார்க்கிறேன். ஆமாம், அதேதான். நீ மதியம் டிவியில் பார்க்கும் உன் கதை.

நேர்காணலில் ஒரு அம்மாள், "எங்க தொடரைப் பாத்திருக்கியா?" என்று கேட்டாள். நடக்கப் பழகும் முன்பே எலினோர் அழுவதைப் பார்த்தவள் நான். எங்கள் வீட்டில் மதியத் தட்டைக் கழுவுவதுகூட அது முடிந்த பிறகுதான் என்றெல்லாம் சொல்ல ஆசை. வாயில் வந்தது "அம்மா பாப்பாங்க" மட்டும்தான். "எல்லா அம்மாவும்தான் பாக்கறாங்க. அதுலதானே நம்ம வயிறு நிறையுது" என்று சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்தாள்.

பெரிய வேலை என்று நினைத்துவிடாதே. தொடருக்கு வரும் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிறேன். பாதிக் கடிதங்கள் நடிகர்களுக்கு இல்லை, கதையில் இருப்பவர்களுக்கே வருகின்றன. அயோவாவிலிருந்து ஒருத்தி எலினோருக்கு எழுதியிருக்கிறாள்: உன் புருஷன் அந்த நர்ஸோடு படகுத்துறையில் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன், நீ அடுப்படியில் இருந்ததால் உனக்குத் தெரியாது என்று. எலினோரின் பேத்திக்கு ஒரு பெட்டி நிறையக் கம்பளிச் செருப்புகள் வந்திருக்கின்றன. இங்கே இருப்பவர்கள் அவற்றைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. எந்தச் செருப்பைப் பார்த்தாலும் உன் பின்னல் மாதிரியே இருக்கிறது.

எலினோராக நடிக்கும் அம்மாளைப் பார்த்தேன். பட்டு உடையின்மேல் காகிதக் கைக்குட்டையை விரித்துக்கொண்டு டப்பாவிலிருந்து மத்தி மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தாள். இங்கே மற்றவர்கள் எல்லாரும் பெரிய பெரிய கல்லூரிகளில் படித்தவர்கள். நான் எங்கே படித்தேன் என்று கேட்டால், ஓஹையோவில் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறேன். அவர்களும் அதற்குமேல் கேட்பதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். போன குளிர்காலத்தில் எரிவாயுவுக்கு நீ கட்டிய தொகையை நினைத்தால் வயிறு எரிகிறது. அண்ணன் வின்ஸின் அறையில் தரையோரம் சூட்டுக்காற்று வரும் துளையை இந்த ஆண்டாவது மூடி வை. கம்பித் தட்டை ஒரு திருகு திருகினால் போதும். ஆளில்லாத அறையைச் சூடாக்கிக்கொண்டு, நீ கீழே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

உன் அன்பு மகள்,
மார்லீன்


யங்ஸ்டவுன், ஓஹையோ
6 அக்டோபர் 1985

என் செல்ல மார்லீனுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நான் டோலோரஸிடம் மட்டும்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாவுக்குள் கிழங்கு வைத்துப் பிரோகி பிடிக்கக் கோயில் கூடத்துக்குப் போவதற்குள் பாதிரியார்வரை தெரிந்திருந்தது.

நாங்கள் எப்போதும்போல் சின்ன டிவியை மாவுப் பீப்பாயின்மேல் வைத்துக்கொண்டு வேலை செய்தோம். டோலோரஸ் என் கையிலிருந்து மாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ போய் நாற்காலியில உக்காரு லில். டிவிக்காரியோட அம்மா உருளைக்கிழங்கு பிசையறதா? நாளைக்குப் பேப்பர்ல வந்துடும்."

"உன் வாயை முதல்ல மூடி ஓரத்தை அமுக்குடி, பிரோகி வாய் திறந்து கிடக்கு" என்றேன்.

ஹெலன் மாலிக் இருக்கிறாளே, அவள் தனியாக என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "லில், உன் பொண்ணுகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. அந்த நர்ஸை எப்ப கொல்லப் போறாங்க? என் முட்டி ஆபரேஷனுக்குத் தேதி குடுக்கணும். அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில கெடந்தா என்னால தாங்க முடியாது" என்றாள். நான் கேட்டுச் சொல்கிறேன் என்று பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். உன் அப்பா இருந்திருந்தால் எவ்வளவு சிரித்திருப்பார்.

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும் மார்லீன். ஹெலன் மாதிரி வேடிக்கைக்குக் கேட்பது இல்லை.

எலினோரின் கடைசி மகன் டெரிக்கை உனக்கு நினைவிருக்கிறதோ என்னமோ. நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய். ஆலையை மூடிய குளிர்காலம். வின்ஸுக்கு வேலை போய் வீட்டில் இருந்தான். முதல் வாரம் என் கதை ஓடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வாரம், "இந்தப் பொம்பளை எதுக்கு எப்பப் பாத்தாலும் ஜன்னல்கிட்டயே நிக்குது?" என்று கேட்டான். மூன்றாம் வாரம் அவனே காபி போட்டு எடுத்துக்கொண்டு நேரத்துக்கு வந்து உட்கார்ந்தான். ஆலையில் உருக்கோடு மல்லுக்கு நின்ற பிள்ளை.

அப்போதுதான் ஒரு நாள் டெரிக், "வெளியே பனி கொட்டுது, கையுறை எடுத்துட்டு வர்றேம்மா" என்று சொல்லி மாடிப்படி ஏறினான். இறங்கவே இல்லை. மறுநாளும் இல்லை, மறுவாரமும் இல்லை. கதையில் வசந்தம் வந்தது, எலினோர் தோட்டத்தில் ரோஜா வைத்தாள், அவனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வின்ஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அந்தப் பையன் இன்னும் கையுறை தேடிட்டிருக்கான். போய் உதவி பண்ணும்மா" என்பான். பிறகு நம் வீட்டிலேயே அது பேச்சாகிவிட்டது. அப்பா சாப்பிட வரத் தாமதமானால், "கையுறை எடுக்கப் போயிருக்காரு" என்போம்.

வின்ஸ் வேலை தேடி ஹூஸ்டனுக்குப் புறப்பட்ட அன்று காரில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு வாசலில் நின்றான். எப்போதடா வருவாய் என்று கேட்டேன். "கையுறை எடுத்துட்டு வந்துடறேம்மா" என்றான். "டெக்சாஸ் வெயில்ல கையுறை எதுக்குடா?" என்று நான் சிரித்தேன். அவன் போகும்போது நான் சிரித்துக்கொண்டு நின்றேன் மார்லீன். அதற்குப் பிறகு இரண்டு அஞ்சலட்டை. பிறகு ஒன்றும் இல்லை. அப்பாவை அடக்கம் செய்தது அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ.

நீ இப்போது அங்கே இருக்கிறாய். டெரிக்கை மறந்துவிட்டார்களா, இல்லை ஏதாவது மனதில் வைத்திருக்கிறார்களா என்று யாரிடமாவது மெல்லக் கேள். ஒரு நாள் அவன் அந்தப் படியில் இறங்கி வந்தால் போதும். எனக்கு அதைப் பார்க்க வேண்டும். நான் எலினோராக இருந்தால் எங்கே போனாய் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். சாப்பாடு ஆறுது, உக்காருன்னு மட்டும்தான் சொல்வேன்.

போனை வைத்துவிடுகிறேன் என்று கோபிக்காதே. நாம் பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அவன் கூப்பிட்டால் என்ன செய்வது? தெருவில் காசு போட்டுப் பேசும் பெட்டியிலிருந்துதான் கூப்பிடுவான். லைன் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுவான். இரண்டாம் தடவை முயல மாட்டான். அவனை எனக்குத் தெரியும்.

துளையை மூட மாட்டேன். மாதக்கணக்கில் குளிர்ந்துபோன அறை ஒரு நாளில் சூடாகாது. அவன் வந்து படுக்கிற அன்று குளிரக் கூடாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. யாரோடும் வாய்ச்சண்டைக்குப் போகாதே. நீ போக மாட்டாய், தெரியும்.

அம்மா


நியூயார்க்
15 டிசம்பர் 1985

அன்புள்ள அம்மாவுக்கு,

கொட்டை வைத்துச் சுருட்டிய ரொட்டி உடையாமல் வந்தது. இரண்டு துண்டுகளை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். எலினோர் அம்மாள் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, "யார் செஞ்சது? உங்கம்மாவா? அவங்க கையில முத்தம் குடு" என்றாள். ஆகவே இதோடு ஒரு முத்தம் வருகிறது. உன் எலினோர் கொடுத்தது.

கடிதம் பிரிக்கும் மேஜையிலிருந்து என்னைக் கதை எழுதுகிறவர்களின் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தட்டச்சு செய்த பெண் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருக்கிறாள். ஒரு நீள மேஜை, அதைச் சுற்றிச் சண்டை. யார் யாரை மணப்பது, யாருக்குக் கண் தெரியாமல் போவது என்று கத்திக்கொள்கிறார்கள். முடிவானதை நான் அடிக்கிறேன். தலைமை எழுத்தாளர் கோரா விட்லாக். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துவிட்டு நாள் முழுவதும் அதைத் தேடுவாள். எடுத்துக் கொடுக்க எனக்குத் தைரியம் வர ஒரு வாரம் ஆயிற்று.

நீ சொன்னதைக் கேட்டேன். காபி இடைவேளையில், எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்தபோது.

"டெரிக்கா? எந்த டெரிக்?" என்றாள் கோரா.

"எலினோரின் மகன். கையுறை எடுக்க மாடிக்குப் போனவன்."

யாருக்கும் நினைவில்லை. ஒரு கிழவர் மட்டும் மெல்லத் தலையாட்டினார். "ஆமா, ஒரு பய இருந்தான். நடிச்ச பையனோட அப்பா சம்பளம் கூடுதலாக் கேட்டாரு. மேல அனுப்பிட்டோம்." உடனே எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். "மாடியில அவன் மட்டுமா? ஒரு சித்தப்பா இருக்காரு, ரெண்டு வேலைக்காரிங்க, ஒரு நாய். உக்காந்து சீட்டாடிட்டிருப்பாங்க" என்றான் ஒருவன். எனக்குக் காது சுட்டது. ஆனால் அம்மா, அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வின்ஸ் சிரித்த மாதிரிதான் சிரித்தார்கள்.

மத்தியானம் யாரும் இல்லாதபோது அரங்குக்குள் போய் அந்தப் படிக்கட்டில் நானே ஏறிப் பார்த்தேன். கைப்பிடி, கம்பளம் எல்லாம் டிவியில் தெரிவது போலவேதான். திருப்பம் வரைக்கும் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு பலகை மேடை, ஒரு முக்காலி, சிகரெட் துண்டுகள் நிறைந்த ஒரு டப்பா. பின்பக்கம் இறங்க ஏணி. மேலே அறையே கிடையாது அம்மா. நீ இதைத் தெரிந்துகொண்டால் மனசு லேசாகும் என்று நினைத்து எழுதுகிறேன். அவனை யாரும் மறக்கவில்லை. மறப்பதற்கு அங்கே ஆளே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது போலிருக்கிறது. விடுமுறை வாரத்துக்கும் சேர்த்துப் படம் பிடிக்கிறார்கள். வருத்தப்படாதே. ஈஸ்டருக்கு வரப் பார்க்கிறேன்.

உன்
மார்லீன்


யங்ஸ்டவுன்
19 ஜனவரி 1986

மார்லீனுக்கு,

நலம். பனி ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. டோலோரஸின் அண்ணன் மகன் ஸ்டீவ் வந்து வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனான்.

அந்தப் படிக்கட்டைப் பற்றி நீ எழுதாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? எல்லாம் பலகையும் வண்ணமும்தான் என்று எனக்கும் தெரியும். நான் படிக்காதவளே தவிர முட்டாள் இல்லை. வெள்ளிக்கிழமை பிரோகி வாங்க வருகிறவர்களிடம், அழுகல் உருளைக்கிழங்கை எப்படி வெட்டி ஒதுக்கினோம் என்று நாங்கள் சொல்வதில்லை. அவர்களும் கேட்பதில்லை. சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்தது என்கிறார்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

ஸ்டீவ் ஹூஸ்டனிலிருந்து திரும்பி வந்துவிட்டான். போனவர்களில் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். அங்கேயும் வேலை இல்லையாம். பனியைத் தள்ளி முடித்ததும் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். வின்ஸைப் பார்த்தாயாப்பா என்று கேட்டேன்.

"அத்தை, டெக்சாஸ்னா நம்ம தெருன்னு நெனச்சிட்டீங்களா" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "முதல் வருஷம் ஒரு தடவை பாத்தேன். கூரை போடற வேலைக்கு லாரி பின்னாடி ஏறிட்டிருந்தான். கை காட்டினான். அப்புறம் அந்த வேலையும் நின்னு போச்சு. ஆளாளுக்கு எங்கெங்கயோ போய்ட்டோம் அத்தை."

கூரை வேலை என்றால் கையுறை போட்டுக்கொள்வார்கள்தானே? வெயிலில் தகரம் கையைச் சுட்டுவிடும். நான் அன்று சிரித்திருக்க வேண்டியதில்லை. அங்கேயும் கையுறை தேவைப்பட்டிருக்கிறது.

ஈஸ்டருக்கு வர முடிந்தால் வா. முடியாவிட்டாலும் பரவாயில்லை.

அம்மா


நியூயார்க்
21 செப்டம்பர் 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

ஈஸ்டருக்கு வந்தபோது நீ படிக்கட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நியூயார்க் திரும்பும்போது பேருந்தில் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இன்று இரண்டு செய்திகள். ஒன்று உனக்குப் பிடிக்காது.

தொடரை நிறுத்துகிறார்கள். டிசம்பரோடு முடிகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியாயிற்று; பார்க்கிறவர்களுக்கு வயதாகிவிட்டது, அவர்கள் வாங்கும் சோப்புக்கு விளம்பரம் தேவையில்லை என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்களாம். அந்த நேரத்தில் பரிசுப் போட்டி ஏதோ வரப்போகிறது. எலினோர் அம்மாள் செய்தியைக் கேட்டதும், "அப்போ என் நாற்காலியை எடுத்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். அரங்கில் இருக்கும் அந்தப் பச்சை நாற்காலியை.

அன்று சாயங்காலம் எழுத்தாளர்கள் அறையில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. யாருடைய பிறந்தநாளுக்கோ வாங்கிய கேக் மிச்சம் இருந்தது. கோரா அதைக் கையாலேயே பிட்டுத் தின்றுகொண்டு, "இனிமே நம்மளை யார் திட்டப் போறாங்க? ஆளுக்கு ஒரு ஆசையைச் சொல்லுங்க. எழுதிடுவோம்" என்றாள். ஒருவன் நர்ஸை உயிரோடு கொண்டுவர வேண்டும் என்றான். ஒருத்தி ஊரையே வெள்ளத்தில் மூழ்கடிக்க வேண்டும் என்றாள். கடைசியில் கோரா என் பக்கம் திரும்பி, "ஓஹையோ, உனக்கு?" என்றாள்.

"கையுறைப் பையன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லாருக்குமே அன்று வேலை போயிருந்தது. கோரா கண்ணாடியைத் தலையில் தடவி எடுத்து மாட்டிக்கொண்டு, "நீயே எழுதுடி" என்றாள்.

எழுதிவிட்டேன் அம்மா. அடித்து, கிழித்து, மறுபடி அடித்து. எலினோர் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உன் கடிதத்திலேயே இருந்தது. டிசம்பர் ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை வரும். அன்று முடிவில் எழுதியவர் என்று என் பெயரும் போடுவார்கள்.

டெரிக் கீழே இறங்கி வரப்போகிறான். நீ கேட்டது இதுதான். என்னால் முடிந்தது இதுதான்.

உன் மகள்,
மார்லீன்


யங்ஸ்டவுன்
5 அக்டோபர் 1986

என் தங்கமே,

கடிதத்தைப் படித்துவிட்டு டோலோரஸ் வீட்டுக்கு வீட்டுச் செருப்போடு ஓடினேன். அவள் தொடர் நிற்கப்போகிறது என்று அழுதாள். பிறகு டெரிக் வருகிறான் என்று மறுபடி அழுதாள். "லில், இது நல்ல சகுனம். எனக்கு முழங்கையில தெரியுது" என்கிறாள். அவள் முழங்கையில் மழைதான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அந்த டிசம்பர் வெள்ளிக்கிழமை கோயில் கூடத்தில் எல்லாரும் பார்க்கப் போகிறோம். அன்று பிரோகியை முன்னதாகவே முடித்துவிடுவது என்று ஹெலன் உத்தரவு போட்டுவிட்டாள். அவள் முட்டி சரியாகிவிட்டது, இப்போது எங்களை விரட்டுகிறாள். பாதிரியாரும் வருகிறேன் என்றிருக்கிறார்.

வின்ஸ் அறையில் திரைச்சீலையைத் துவைத்து மாட்டினேன். சும்மாதான். ரொம்ப நாளாயிற்று.

ஒன்றே ஒன்று கேட்கட்டுமா? அதே பையன்தானே? நெற்றியில் முடி சுழித்துக்கொண்டு நிற்குமே, அந்தப் பையன். இப்போது வளர்ந்திருப்பான். ஆனாலும் சுழி போகாது. வின்ஸுக்கும் அப்படித்தான், எவ்வளவு தண்ணீர் வைத்து வாரினாலும். பதில் எழுது.

அம்மா


நியூயார்க்
16 நவம்பர் 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், மன்னித்துவிடு. கடைசி வாரங்கள் என்பதால் வேலை நெரிக்கிறது.

அந்தக் காட்சியைப் படம் பிடித்துவிட்டார்கள். நான் இருட்டில் ஓரமாக நின்று பார்த்தேன். எலினோர் அம்மாள் ஒரே தடவையில் சொன்னாள். விளக்குக்காரர் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

பையனைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய பையன் இப்போது அரிசோனாவில் இருக்கிறான், நீச்சல் குளம் தோண்டும் வேலையாம். போனில் பேசினார்கள். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது அம்மா, யாராக இருந்தாலும் முகம் மாறித்தான் போயிருக்கும். வந்தவன் அருமையாக நடித்தான். நீ முகத்தைப் பார்க்காதே, அவன் இறங்கி வருவதைப் பார்.

கிறிஸ்துமஸுக்கு நிச்சயம் வருகிறேன். அதற்குப் பிறகு எனக்கு வேலையும் இருக்காது. சேர்ந்தே இருக்கலாம்.

உன்
மார்லீன்


யங்ஸ்டவுன்
7 டிசம்பர் 1986

அன்பு மகள் மார்லீனுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் பார்த்தோம். படம் தெளிவாக வர ஸ்டீவ் ஆன்டெனா கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றான். நீ எழுதியது மிக நன்றாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மை. கடைசியில் உன் பெயர் வந்தது. ஹுடாக் என்று எழுத்துப் பிழை இல்லாமல் போட்டிருந்தார்கள். ஆலையில் சம்பளச் சீட்டில்கூட அப்பாவின் பெயரை ஒரு நாளும் சரியாகப் போட்டதில்லை. எல்லாரும் மாவுக் கையோடு தட்டினார்கள், கூடம் முழுக்க வெள்ளைப் புகை.

தொடங்கும்போதே அறிவிப்புக் குரல் சொன்னது: டெரிக் பாத்திரத்தில் இன்று நடிப்பவர் என்று யாரோ ஒரு பெயர். அந்தக் குரல் எத்தனையோ தடவை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறது. எலினோரின் புருஷன்கூட மூன்றாவது ஆள்தானே. நாங்கள் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்வோம். இதற்கும் பழகிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அவன் இறங்கி வந்தான். நல்ல பையன். பல்வரிசை அழகாக இருந்தது. கையில் பிடித்திருந்த கையுறை புத்தம் புதிது. "கையுறை கிடைச்சிடுச்சும்மா" என்றான். டோலோரஸ் என் தோளைப் பிடித்து உலுக்கி, "பாருடி லில், வந்துட்டான், வந்துட்டான்" என்றாள். எலினோர், "வந்துட்டியா கண்ணா? சாப்பாடு ஆறுது, உக்காரு" என்றாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை.

நான்தான் அப்படிச் சொல்வேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். என் வாய் வார்த்தையை அப்படியே அவள் சொல்லக் கேட்டபோதுதான் புரிந்தது. பெற்ற பிள்ளையை அப்படிக் கேட்காமல் விட முடியாது மார்லீன். முன்பின் தெரியாதவனைத்தான் ஒன்றும் கேட்காமல் உட்காரவைத்துச் சோறு போட முடியும். எலினோர் பாவம், அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. தட்டைத்தான் பார்த்தாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டது நான். நீ மறுக்கத் தெரியாத பெண். ஆனால் இத்தனை வருஷமும் டெரிக் மேலே இருந்தான். பலகையோ முக்காலியோ, அவன் மேலே இருந்தான். எனக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். நாம் அவனைக் கீழே கூப்பிட்டோம். வேறு யாரோ இறங்கி வந்தான். இப்போது மேலே யாரும் இல்லை.

டோலோரஸ் என்னை வீடு வரை கொண்டுவந்து விட்டாள். "உனக்குச் சந்தோஷமா இல்லையா லில்?" என்று கேட்டாள். சந்தோஷம்தான் என்றேன். அவள் போன பிறகு மாடிக்குப் போய் வின்ஸ் அறையின் துளையை மூடினேன். நீ சொன்னது சரி, ஒரு திருகுதான். திருகிய பிறகு உன் அறைத் துளையையும் மூடிவிட்டேன். மாடிக்கு இனி சூடு போகாது. கீழே நன்றாகக் கதகதவென்று இருக்கிறது. ஸ்வெட்டர்கூட வேண்டியிருக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வா. கீழே சோபாவில் படுத்துக்கொள்ளலாம். இல்லை, அங்கேயே வேறு வேலை கிடைப்பதாக இருந்தால் அதைப் பார்த்துக்கொள்; எனக்காக வர வேண்டாம். திங்கட்கிழமையிலிருந்து நான் டிவி போடாவிட்டால் தவறாக நினைக்காதே. இன்னும் சில நாட்கள் ஓடும் என்று தெரியும். முடிவை டோலோரஸ் வந்து சொல்வாள்.

இனிமேல் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதிக் கையை நோகடித்துக்கொள்ளாதே. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் போனிலேயே கூப்பிடு. எந்த நேரமானாலும், எவ்வளவு நேரமானாலும் பேசலாம். லைன் சும்மாதான் கிடக்கிறது.

அம்மா